குழி வாயின் அளவு

கப்பலின் சங்கு ஊதியதில் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது.

அளவுக்காரி கட்டில் ஓரத்தில் தலையைச் சாய்த்து, வலது காதில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். புட்டி விலகியது. மருந்து காதுக்குள் போகாமல் கழுத்தில் வழிந்து சட்டைக்குள் இறங்கியது.

"லாரியா?" என்றாள். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது இப்போதெல்லாம் அவளுக்குப் பிடிபடுவதில்லை.

அவள் கணவன் அடுப்படியிலிருந்து கையில் டீ வடிகட்டியோடு எட்டிப் பார்த்தான். "லாரிக்கு ஏது இவ்வளவு பெரிய தொண்டை? கப்பல்."

இருவரும் ஜன்னலுக்குப் போனார்கள். எதிர்வீட்டு மாடித் துணிகளுக்கு மேலே, துறைமுக வாசலில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய உருவம் நின்றது. மண் வாரும் கப்பல். மூன்று நாள் கழித்து வர வேண்டியது.

"சொன்ன நாளைக்கு முன்னாடி வர ஒரே ஜீவன் இதுதான்" என்றான் அவன்.

அவள் சிரிக்கவில்லை. பஞ்சை உருட்டிக் காதில் திணித்துக்கொண்டு ரப்பர் பூட்ஸைத் தேடினாள்.

கடலுக்கடியில் இருப்பதை அளந்து சொல்வது அவள் வேலை. அதனால் வேலைத்தளத்தில் அவள் அளவுக்காரி. கான்கிரீட்டில் துளை போடுவது அவன் வேலை. அதனால் அவன் துளைக்காரன். இந்த ஜோடிப் பெயரை வைத்து, வேலையாட்களைப் படகில் ஏற்றி இறக்கும் அவன் அக்கா கல்யாணமான நாளிலிருந்து அடித்து வரும் கிண்டல் இன்னும் தீர்ந்தபாடில்லை.

துறைமுகத்தை அகலப்படுத்துகிறார்கள். அதற்காகக் கரையோரப் பாறைத்திட்டின் தெற்குப் பாதியைத் தோண்டி எடுக்கப் போகிறார்கள். தோண்டுவதற்கு முன், அங்கே வாழும் உயிர்களைப் பழைய அலைத்தடுப்புச் சுவருக்குப் பின்னால் குடிமாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. அந்த ஒரு நிபந்தனையை எழுத வைக்க அவள் மூன்று வருஷம் ஆபீஸ் படிகளை ஏறி இறங்கியிருந்தாள். மீன் நீந்திப் போய்விடும். நண்டு ஓடிவிடும். போகாமல் அடம் பிடிப்பது கடல் முள்ளெலி. ஐந்து பல்லாலும் உடம்பெல்லாம் நீட்டிய முள்ளாலும் பாறையைச் சுரண்டிச் சுரண்டிக் குழி பறித்து, அதிலேயே காலம் தள்ளுகிற ரகம். வேலையாட்கள் அதை முள்ளன் என்பார்கள்.

தெற்குப் பாதியில் இந்தக் குடிமாற்றம் ஒழுங்காக நடந்தால், பிற்பாடு வடக்குப் பாதியைத் தோண்டும்போதும் இதையே செய்வார்கள். நடக்காவிட்டால், செய்து பார்த்தோம், சரிப்படவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அப்புறம் அவள் இன்னொரு மூன்று வருஷம் படியேற வேண்டும். ஏறுவதற்கு இப்போது முழங்காலில் தெம்பில்லை.

போன் அடித்தது. சைட் இன்ஜினியர்.

"மேடம், கப்பல்காரன் வந்துட்டான். நாளைக்குக் காலையில தோண்ட ஆரம்பிச்சாகணுமாம். இன்னைக்கே மாத்திடுங்க."

"இன்னைக்கேவா? வீடு காலி பண்றவங்களுக்குக்கூட ஒரு வாரம் குடுப்பாங்க சார்."

"உங்க ஆளுங்ககிட்ட பீரோ, கட்டில் எல்லாம் இல்லையே" என்றார் இன்ஜினியர். அவருக்கும் தூக்கம் கெட்டிருந்தது குரலில் தெரிந்தது.

*

படித்துறையில் நாத்தனார் படகை உறும விட்டுக்கொண்டு நின்றாள்.

"வாங்க, வாங்க. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் மூஞ்சியையும் பாத்தா நாலு நாளா நெல்லுமூட்டை சுமந்த மாதிரி இருக்கு. ராத்திரி சண்டையா?"

"சண்டை போடத் தெம்பு எங்க இருக்கு அண்ணி?" என்றபடி அளவுக்காரி பிளாஸ்டிக் தொட்டிகளைப் படகில் அடுக்கினாள்.

"டேய் தம்பி, அவ காதைப் பாத்தியா? இன்னும் பஞ்சோட வரா. தண்ணியில தலைய விடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா?"

"அவகிட்ட சொல்லுக்கா" என்றான் துளைக்காரன். "நான் சொன்னா அந்தக் காதுலதான் கேட்பா."

பாறையின் குழிகளை அளப்பதற்காக வாரக்கணக்கில் முக்குளித்ததில்தான் செவிப்பறை கிழிந்தது. ஆறு மாதம் தண்ணீருக்குள் தலை போகக் கூடாது என்று காது டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நல்லவேளையாக, குடிமாற்றத்துக்கு முக்குளிக்கும் தேவை இருக்காது என்றுதான் கணக்குப் போட்டிருந்தார்கள். கடல் உள்வாங்கும் வற்று நேரத்தில் பாறைத்திட்டின் மேல் இடுப்பளவுத் தண்ணீர்தான் நிற்கும். ஆட்கள், முள்ளின் பிடி தளர, குழி வாயை உளியால் லேசாகச் செதுக்கி முள்ளன்களை எடுத்துத் தொட்டியில் போடுவார்கள். பழைய சுவருக்குப் பின்னால் கான்கிரீட் பிளாக்குகள் ஏற்கெனவே வரிசையாக இறக்கப்பட்டிருந்தன. அவள் கொடுத்த அளவில் ஒவ்வொன்றிலும் துளைக்காரன் துளை போட்டிருந்தான். துளைக்கு ஒரு முள்ளன். அவ்வளவுதான் வேலை.

வற்று நேரத்துப் பாறைத்திட்டு, அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி இருந்தது. குழிக்குக் குழி கருஞ்சிவப்பு முட்கள் மெல்ல அசைந்தன. காலியாகக் கிடந்த குழிகளில் விரல் நீளக் குட்டி மீன்கள் வாடகைக்கு வந்த மாதிரி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயின. அளவுக்காரி குனிந்து ஒரு முள்ளனைத் தொட்டாள். தொட்டதும் அது முட்களைக் குழிச்சுவரில் ஊன்றி இறுகிக்கொண்டது. ஆணி அடித்த மாதிரி.

"பாத்து எடுங்கப்பா" என்று ஆட்களிடம் சொன்னாள். "இழுக்காதீங்க. ஓடு உடைஞ்சிட்டா அது பொழைக்காது."

உளிகள் டக்டக்கென்று கேட்டன. முதல் தொட்டி நிரம்பவே வெயில் ஏறிவிட்டது.

அந்தத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு படகு பழைய சுவருக்குப் பின்னால் போனது. துளைக்காரன் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, பிளாக்கின் மேல் கை வைத்துத் துளையைத் தடவிப் பார்த்தான். அவள் ஒரு முள்ளனை இரண்டு கையிலும் ஏந்தித் துளையின் வாயில் வைத்தாள்.

போகவில்லை.

திருப்பி வைத்தாள். முட்களைச் சேர்த்துப் பிடித்து வைத்தாள். துளையின் வாயில் அது தொப்பி மாதிரி உட்கார்ந்தது. அடுத்த துளைக்குப் போனாள். அடுத்த முள்ளனை எடுத்தாள். அதுவும் தொப்பிதான்.

"என்னம்மா, சின்ன சைஸ் சட்டை எடுத்துட்டு வந்துட்டியா?" என்றாள் நாத்தனார் படகிலிருந்து. யாரும் சிரிக்காததால் அவளே வாயை மூடிக்கொண்டாள்.

அளவுக்காரி கையில் முள்ளனோடு அப்படியே நின்றாள்.  பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நான் குழியோட வாயைத்தான் அளந்தேன்."

"அதைத்தான அளக்க முடியும்?" என்றாள் நாத்தனார்.

"குட்டியா இருக்கும்போது உள்ளே போகுது அண்ணி. உள்ளேயே வளருது. வளர வளர உள்பக்கத்தைச் சுரண்டி அகலமாக்கிக்குது. வாயை அது தொடறதே இல்ல. நான் வாயை அளந்து அதுதான் உடம்பு சைஸுன்னு சொல்லிட்டேன்." அவள் குரலில் அழுகை இல்லை. மூட்டையை இறக்கி வைக்கிறவளின் குரல் அது. "பரிசோதனைக்கு எடுத்தது எல்லாம் உதிரிக் கல்லுல இருந்த குட்டிங்க. அதுங்க துளையில கச்சிதமா உட்கார்ந்துச்சு. சரின்னு நெனச்சிட்டேன்."

துளைக்காரன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்ஜினியர் இன்னொரு படகில் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"மேல வச்சிடுங்க மேடம். பாறையையே தோண்டறவன், கான்கிரீட்டைத் தோண்ட மாட்டானா? அவனே குழி பறிச்சுக்குவான்."

"பறிப்பான் சார். பறிச்சு முடிக்க வருஷக்கணக்காகும். அது வரைக்கும் அலைகிட்ட சும்மா இருக்கச் சொல்லிட்டு வரீங்களா?"

சொல்லி வாய் மூடவில்லை, ஒரு அலை சுவரைச் சுற்றி வளைந்து வந்தது. பிளாக்கின் மேல் வைத்த முள்ளன்களில் பாதி உருண்டு மணலில் விழுந்தன. மல்லாந்து விழுந்த ஒன்றை, எங்கிருந்தோ வந்த பட்டைபோட்ட மீன் ஒன்று கொத்தத் தொடங்கியது. நாத்தனார் துடுப்பால் தண்ணீரை அடித்து அதை விரட்டினாள். அது ஒரு வட்டமடித்துவிட்டு, கூட இரண்டு உறவுக்காரர்களை அழைத்துக்கொண்டு வந்தது.

இன்ஜினியர் அதைப் பார்த்தார். "சரி, நடந்தது நடந்து போச்சு. ஒரு போட்டோ எடுத்துக்குவோம். முயற்சி பண்ணினோம்னு எழுதிடலாம். உங்க மேல தப்பு வராம நான் பாத்துக்கறேன்."

அந்த ஒரு வரி. அவள் பயந்த அதே வரி.

"எழுதிக்கோங்க" என்றாள். படகு விளிம்பைப் பிடித்து ஏற முயன்றாள். முடியவில்லை. நாத்தனார் கை கொடுத்து இழுத்துப் போட்டாள். படகின் தரையில், தொட்டிகளுக்கு நடுவே, அவள் ஈர மூட்டை மாதிரி உட்கார்ந்தாள்.

"கல்லோட அறுத்துடலாம்" என்றான் துளைக்காரன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"முள்ளனை எடுக்க வேண்டாம். குழியோட, கல்லோட பாளம் பாளமா அறுத்து எடுத்துட்டு வருவோம். என்கிட்ட காத்துல ஓடற ரம்பம் இருக்கு. பிளாக்கு இறக்கின மிதவை பார்ஜ்ல கிரேன் சும்மாத்தான நிக்குது. பாளத்தைத் தூக்கி இந்த பிளாக்குங்களுக்கு இடையில சொருகிடலாம். பிளாக்கு அதைப் பிடிச்சுக்கும்."

இன்ஜினியர் பார்ஜைப் பார்த்தார். கிரேன் ஆபரேட்டர் கால்மேல் கால் போட்டுப் படுத்திருந்தது இங்கிருந்தே தெரிந்தது.

"சாயங்காலம் வரைக்கும்தான் தருவேன்" என்றார். "அதுக்கு மேல கேட்டா என் கழுத்துல ரம்பம் வைப்பாங்க."

*

கம்ப்ரசர் தடதடத்தது. துளைக்காரன் பாறைத்திட்டில் முழங்காலூன்றி ரம்பத்தை இறக்கினான். தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. ஆட்கள் பாளத்தின் அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பினார்கள். கிரேனின் பட்டையை மாட்டினார்கள். முதல் பாளம் சொட்டச் சொட்ட மேலே எழும்பியபோது, அதன் குழிகளில் முள்ளன்கள் எதுவும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருந்தன.

"சாமான்செட்டோட குடி போறாங்க" என்றாள் நாத்தனார். இந்தத் தடவை ஆட்கள் சிரித்தார்கள்.

இரண்டாவது பாளத்தில் ரம்பம் ஒரு குழியின் நடுவே பாய்ந்துவிட்டது. நல்லவேளை, காலிக் குழி. பாளம் தொங்கியபோது வெட்டுமுகம் அவர்கள் கண்ணெதிரே வந்து நின்றது. வாய் குறுகி, உள்ளே குடம் மாதிரி அகன்று, வழவழவென்று இழைத்த சுவர்.

ஆட்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். கிரேன்காரன்கூட எழுந்து உட்கார்ந்தான். இன்ஜினியர் போனை எடுத்துப் படம் பிடித்தார். அளவுக்காரி விரலை உள்ளே விட்டுச் சுவரைத் தடவினாள். இவ்வளவு நாள் வெளியிலிருந்தே பார்த்த வீட்டின் உள்ளறை.

துளைக்காரன் மட்டும் குனிந்து ரம்பத்தின் பிளேடைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

தொடங்கிய மூலையில், மேல்தட்டு வேலை சுருக்காக முடிந்தது. சிக்கல் விளிம்பில் வந்தது. முள்ளன்கள் நெருக்கமாக இருந்தது அங்கேதான். பெரியவை, வயசானவை. அங்கே தண்ணீர் ஆள் மட்டத்துக்கு மேல். எந்தப் பாளம் உள்ளே பொத்தலாக இருக்கிறது, எதை அறுத்தால் பொடிந்து போகும் என்று கீழே போய்ப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். அறுத்த பாளத்தின் அடியில் பட்டையைக் கோக்கவும் ஆள் வேண்டும்.

அவள் மூழ்குக் கண்ணாடியை நெற்றியில் மாட்டினாள்.

"வேண்டாம்" என்றான் துளைக்காரன்.

"வேற யாரு போறது? நீங்களா? குளியலறை வாளியில முகம் கழுவவே கண்ணை மூடிக்கறவரு."

"விளிம்பு போனாப் போகட்டும். மேல எடுத்ததே போதும்."

"பெருசுங்க எல்லாம் விளிம்புலதான் இருக்கு. குஞ்சு பொரிக்கிறதே அதுங்கதான். அதை விட்டுட்டுக் குட்டிங்களை மட்டும் கொண்டு போய் என்ன பண்றது?"

"காது?"

"ஒண்ணுதான போச்சு."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் தலை தண்ணீருக்குள் போய்விட்டது.

மேலே வந்தபோது முகம் கோணியிருந்தது. தலை சுற்றுகிறதென்று படகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அந்த நீட்டிட்டு இருக்கிற மூக்குல இருந்து இடது பக்கமா அறுங்க" என்றாள். மறுபடி போனாள். நாத்தனார் படகை அவள் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டாள். ஒவ்வொரு முறை தலை எழும்பும்போதும் திட்டினாள். திட்டிக்கொண்டே துண்டால் அவள் காதைத் துடைத்தாள். துண்டில் சிவப்பாக ஒட்டியதைத் தம்பி பார்க்காதபடி மடித்துக்கொண்டாள். தம்பி பார்த்துவிட்டான்.

ரம்பத்தின் பிளேடு தேய்ந்தது, மாற்றினான். அது உடைந்தது, மறுபடி மாற்றினான். கிரேன்காரன் சாப்பாட்டு நேரம் போய்விட்டதென்று முனகினான். நாத்தனார் தன் பங்கு ரொட்டியை அவனுக்குத் தூக்கிப் போட்டாள். இன்ஜினியர் ஷூவைக் கழற்றிவிட்டுப் பட்டை பிடிக்க இறங்கினார். இறங்கியவர் இடறிக் காலைக் குழிக்குள் விட்டு, குதிகாலில் முள்ளேறிக் கத்தினார்.

"குடிமாறும்போது குறுக்க நின்னா அப்படித்தான் சார்" என்றாள் நாத்தனார்.

வெயில் சாய்ந்தபோது தண்ணீர் ஏறத் தொடங்கியது. ரம்பம் வைக்க இடமில்லாமல் போனது. கம்ப்ரசரை நிறுத்தினார்கள். திடீரென்று வந்த அமைதியில் எல்லோருக்கும் உடம்பு வலி தெரிந்தது.

கடைசிப் பாளத்தைப் பழைய சுவருக்குப் பின்னால் இறக்கினார்கள். பாளங்கள் பிளாக்குகளுக்கு நடுவே இறுகச் செருகி நின்றன. அலை வந்து மோதியது. ஒன்றும் உருளவில்லை. மிதந்து வந்த பாசித்துண்டு ஒன்றை ஒரு முள்ளன் முள்ளால் பிடித்துத் தன் வாய்ப்பக்கம் மெல்ல நகர்த்தியது.

ஆனால் எடுத்தது தெற்குப் பாதியில் ஒரு மூலைதான். மீதி அங்கேயே இருந்தது.

இன்ஜினியர் குதிகாலைத் தடவியபடி ரொம்ப நேரம் தண்ணீரையே பார்த்தார். பிறகு போனில் யாரிடமோ நீளமாகப் பேசினார். குரல் ஏறியது, இறங்கியது, கெஞ்சியது. முடித்துவிட்டு அவளிடம் வந்தார். அவளுக்குக் கேட்கும் பக்கமாகச் சுற்றி வந்து நின்றார்.

"கப்பலைக் கிழக்கு முனையில இருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருக்கேன். அங்க வெறும் மணல்தான். பாறைக்கு வந்து சேர நாலஞ்சு நாள் ஆகும். அது வரைக்கும் கிரேன் உங்களுது. வடக்குப் பாதிக்கும் இதே முறைன்னு எழுதப் போறேன். நாளைக்கு எத்தனை மணிக்கு வரீங்க மேடம்?"

"வற்று எப்பவோ அப்ப" என்றாள் அவள்.

*

படித்துறைக்குப் பின்னால் இருந்த கருவி அறையில், துளைக்காரன் நல்லதண்ணீர்க் குழாயைத் திறந்து ரம்பத்தைக் கழுவினான். உப்பு ஒட்டியிருந்தால் காலையில் துருப்பிடித்து நிற்கும். அவள் கவிழ்த்துப் போட்ட தொட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள். நாத்தனார் டாக்டரிடம் கூட்டிப்போக வண்டி பார்க்கப் போயிருந்தாள்.

"நாளைக்கு வேற ஆளை முக்குளிக்க ஏற்பாடு பண்ணுவோம்" என்றான் அவன்.

"ம்." தலையாட்டினாள். ஆட்டியதும் வலித்தது. "இன்னைக்கு நீங்க இல்லன்னா போட்டோதான் மிஞ்சியிருக்கும்."

அவன் கழுவிய பிளேடையே மறுபடி கழுவினான்.

"ஒண்ணு கேட்கணும்" என்றாள். "அந்தக் குழி ரெண்டா அறுந்து தொங்கினப்ப எல்லாரும் வாயைப் பிளந்து பாத்தாங்க. கிரேன்காரன் உட்பட. நீங்க பாக்கவே இல்ல."

"வேலை இருந்துச்சு."

"கல்லுல கோடு விழுந்தாலே கூப்பிட்டுக் காட்டற ஆளு நீங்க."

குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அவன் அதை மூடினான். கையைத் துடைத்துக்கொண்டு அவளுடைய இடது பக்கமாக வந்து, தரையில் உட்கார்ந்தான்.

"பிளாக்கு வார்க்கறதுக்கு முன்னாடி, கல்லு எவ்வளவு கெட்டின்னு பாக்க யார்டுல அந்தப் பாறையோட துண்டு ஒண்ணை அறுத்தேன்" என்றான். "குழி உள்ளே குடம் மாதிரி இருந்துச்சு."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கத்தத் தெம்பிருந்தால் கத்தியிருப்பாள்.

"தெரிஞ்சுமா நான் குடுத்த அளவுலயே அத்தனை துளையும் போட்டீங்க?"

"நீ காதுல ரத்தத்தோட வீட்டுக்கு வந்த மறுநாள் அது. சொல்லியிருந்தா அப்பவே திரும்ப அளக்கறேன்னு கடல்ல இறங்கியிருப்பே."